மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர்: உப்பா, ஹார்மோனா?

திருவெறும்பூர் லேத் | 3 மார்ச், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக பிரஷர். அம்லோடிபின், டெல்மிசார்டன், போன வருஷத்திலிருந்து குளோர்தாலிடோன் என்று மூன்று மாத்திரை ஓடுகிறது. ஒரு வேளைகூட விட்டதில்லை. ஆனாலும் காலையில் 158/100, சாயங்காலம் 164/102 என்றுதான் காட்டுகிறது.

போகும்போதெல்லாம் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: "உப்பைக் குறைங்க." குறைத்துவிட்டேன். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ரசம் கொதித்ததும் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் மனைவி மற்றவர்களுக்கு உப்புப் போடுகிறாள். இதையெல்லாம் சொன்னால் டாக்டர் நம்புவதாகத் தெரியவில்லை. வீட்டிலும் "வெளியில போண்டா, பஜ்ஜின்னு சாப்பிடறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிவாக்கில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடுகிறது. எழுந்து பாதத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றால்தான் விடுகிறது. மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். போன வாரம் லேத்தின் பிடியில் (சக்) ஜாப் மாட்டும்போது கையில் பலமே இல்லாமல் நழுவிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்று குறைவாக வந்திருக்கிறது. "இளநீர் குடிங்க" என்றார்கள். இதற்கும் பிரஷருக்கும் சம்பந்தம் உண்டா?

கடலூர் வள்ளியக்கா | 3 மார்ச், இரவு 10.55

தம்பி, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள். புது உப்புப் பாக்கெட் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேலேயே தேதியை எழுதி வைப்பேன். எங்கள் வீட்டில் நாலு பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். முதல் தடவை எழுதியபோது 27 நாளில் தீர்ந்துபோனது! அதுவும் மீன் கழுவுகிற கல்லுப்பைச் சேர்க்காமல். சமையலில் கை அளவு தெரியும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாக்கெட் கணக்கில் வராததும் இருக்கிறது. கருவாடு, மோர்மிளகாய், அப்பளம். அப்பளத்தில் உப்பு தவிர அப்பளக்காரமும் சோடியம்தான். போண்டாவில் போடுகிற ஆப்பசோடாவும் சோடியம்தான்.

சிறுநீரக வார்டு செவிலி | 4 மார்ச், காலை 6.10

நைட் டியூட்டி முடிந்து பார்க்கிறேன். அண்ணா, உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது உப்பு இல்லை, அந்த 3.1. சில விஷயம் சொல்லுங்கள்.

குளோர்தாலிடோன் நீர் மாத்திரை. அதுவே பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா? அதில் பொட்டாசியம் எவ்வளவு? மூட்டுவலி, முதுகுவலி என்று வலி மாத்திரை அடிக்கடி போடுவீர்களா? தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை ஏதாவது? அவற்றில் பலவற்றில் நிறைய சோடியம் இருக்கும். அதிமதுரம் சேர்ந்த கஷாயம், லேகியம்? தூக்கத்தில் பலமாகக் குறட்டை உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் பிரஷர்?

திருவெறும்பூர் லேத் | 4 மார்ச், மதியம் 1.30

பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரிப்போர்ட். அப்போது நீர் மாத்திரை இல்லை. பொட்டாசியம் 3.3. பக்கத்தில் ஒரு ஸ்டார் குறி போட்டிருக்கிறது. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வலி மாத்திரை எப்போதாவது ஒன்று. கஷாயம், லேகியம் எதுவும் இல்லை. குறட்டை இல்லை என்கிறாள் மனைவி. அப்பாவுக்கு 46 வயதில் பக்கவாதம் வந்தது. தம்பிக்கு 31 வயது, அவனுக்கும் பிரஷர் என்று போன தீபாவளிக்குத்தான் தெரிந்தது.

சிறுநீரக வார்டு செவிலி | 4 மார்ச், மதியம் 2.05

அந்த ஸ்டார் குறிதான் முக்கியம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும் மருந்து. அது உள்ளே போய்க்கொண்டிருந்தும், நீர் மாத்திரை இல்லாமலே, 3.3 என்றால் உடம்பில் ஏதோ ஒன்று பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை.

உங்கள் டாக்டரிடம் இந்த வார்த்தையிலேயே கேளுங்கள்: "அல்டோஸ்டிரோன் – ரெனின் விகிதம் பார்க்கலாமா?" மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெய்வேலி வாத்தியார் | 4 மார்ச், இரவு 8.40

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த பாடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிறுநீரகத்தின் வேலை கழிவை வெளியேற்றுவது மட்டும் இல்லை. உடம்பில் உப்பும் நீரும் போதுமா என்று அது சதா அளந்துகொண்டிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தால், உப்பு குறைந்தால், ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். 1898-ல் ஸ்வீடனில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை எடுத்து வேறு முயல்களுக்குச் செலுத்தி, பிரஷர் ஏறுவதைக் கண்டார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குத்தான் ரெனின் என்று பெயர் வைத்தார்கள். ரெனின் போய் ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கூடவே சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிடம் போய் "அல்டோஸ்டிரோனைச் சுரந்து விடு" என்று சொல்லும். அல்டோஸ்டிரோன் சிறுநீரில் போகவிருந்த சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சோடியத்தோடு தண்ணீரும் வந்துவிடும். அதற்குப் பதிலாக பொட்டாசியம் வெளியே போகும். உடம்பில் உப்பு போதுமான அளவு சேர்ந்ததும் ரெனின் அடங்கும், அல்டோஸ்டிரோனும் அடங்கும். ஆரோக்கியமான உடம்பில் இதுதான் நடக்கிறது.

சிலருக்கு அட்ரீனல் யார் பேச்சையும் கேட்காமல் தானாகவே அல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருக்கும். ஒரு பக்கத்துச் சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கலாம், அல்லது இரண்டு பக்கமும் பெருத்திருக்கலாம். இதை முதலில் பிடித்தவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான். அவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், வெப்பநாட்டுக்குப் போகும் சிப்பாய்களின் உடம்பு சூட்டுக்கு எப்படிப் பழகுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சில நாளில் அவர்கள் வேர்வையில் உப்பு குறைந்துவிடுவதைப் பார்த்தார். அட்ரீனலில் இருந்து வரும் ஏதோ ஒன்றுதான் உப்பைப் பிடித்து வைக்கிறது என்று அனுமானித்தார். அல்டோஸ்டிரோனைத் தனியாகப் பிரித்தெடுத்தது அதற்கெல்லாம் பிறகு, 1953-ல்.

அடுத்த வருஷம் அவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். பல வருஷமாகத் தசைப் பிடிப்பு, அவ்வப்போது கால்கள் செயலிழந்து போவது, மிகக் குறைந்த பொட்டாசியம், பிரஷர். கான் அவருடைய வேர்வையையும் எச்சிலையும் சோதித்தார். இரண்டிலும் சோடியம் மிகவும் குறைவு! சிப்பாய்களிடம் பார்த்த அதே அடையாளம். ஏழு மாதத்துக்கும் மேல் அவரை வார்டில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, 1954 டிசம்பரில் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினார். அட்ரீனலில் கட்டி இருந்தது. எடுத்தார்கள், அந்தப் பெண் குணமானார். இன்றும் இந்த நோய்க்குக் கான் நோய் என்று ஒரு பெயர் உண்டு.

லேத் தம்பி, உங்கள் கெண்டைக்காலைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது.

திருவெறும்பூர் லேத் | 4 மார்ச், இரவு 11.15

ஐயா, மனசார நன்றி. இரண்டு முறை படித்தேன். எங்கள் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா என்று சொல்லுங்கள். மாடித் தொட்டியில் மிதவை வால்வு இருக்கிறது. தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பி வால்வை மூடும். ரெனின்தான் அந்த மிதவை, அல்டோஸ்டிரோன் வால்வு. எனக்கு மிதவை சரியாக இருந்தும் வால்வு திறந்தபடி துருப்பிடித்து நிற்கிறது. தொட்டி வழிகிறது.

நெய்வேலி வாத்தியார் | 5 மார்ச், காலை 7.00

நான் முப்பது வருஷம் சொன்னதைவிட இது நன்றாக இருக்கிறது தம்பி.

கேள்விக்குறி | 5 மார்ச், காலை 9.25

எனக்கு ஒரு சந்தேகம். கோளாறு ஹார்மோனில் என்றால் உப்பை ஏன் எல்லோரும் வில்லனாக்குகிறோம்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவர்கள் நம் ஆட்கள். என் அப்பா எட்டு வருஷமாகச் சப்பென்று சாப்பிட்டு, சாப்பாட்டின் மேலேயே வெறுத்துப்போய், உடம்பு இளைத்துவிட்டார். பிரஷர் ஒன்றும் பெரிதாக இறங்கவில்லை. 2014-ல் வந்த ப்யூர் என்ற பல நாட்டு ஆய்வில் மிகக் குறைவாகச் சோடியம் எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்ததாக வந்ததே? இப்போது வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். அதிலாவது தீங்கு இல்லையே?

நெய்வேலி வாத்தியார் | 5 மார்ச், பகல் 12.10

உங்கள் அப்பாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வயதானவர் சாப்பாட்டையே வெறுக்கும் அளவுக்கு உப்பை எடுத்துவிடுவது சரியில்லை. அதை டாக்டரிடம் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் உப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை, நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி.

இந்துப்பு பற்றி: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. பிரஷருக்கு அது பரிகாரம் இல்லை. ப்யூர் ஆய்வில் காலை ஒரு வேளைச் சிறுநீரை வைத்து ஒரு நாள் முழுவதற்கும் உத்தேசம் கட்டினார்கள். ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள் குறைவாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்பதும் இருக்கிறது. இந்த விவாதம் அறிஞர்களிடையே நடந்தது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் அதை வைத்து 10, 11 கிராம் சாப்பிடும் வீட்டுக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இந்த இழையிலேயே நல்ல கேள்வி அதுதான். பிரேசில் – வெனிசுவேலா எல்லைக் காட்டில் யானோமாமி என்று ஒரு பழங்குடி மக்கள். உப்புச் சேர்க்கும் வழக்கமே அவர்களிடம் இல்லை. 1988-ல் வந்த இன்டர்சால்ட் ஆய்வில் 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தார்கள். யானோமாமிகளின் சராசரி பிரஷர் சுமார் 95/61. வயதானாலும் ஏறவில்லை. அதற்கு முன்பே, 1975-ல், அவர்கள் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஹார்மோனைப் பார்த்திருந்தார்கள். ரெனினும் அல்டோஸ்டிரோனும் மிக அதிகம்! கிடைக்கிற துளி உப்பையும் விட்டுவிடக் கூடாது என்று உடம்பு பிடித்து வைக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கான் பார்த்த பெண்ணுக்கும் அல்டோஸ்டிரோன் அதிகம், யானோமாமிக்கும் அதிகம். ஒருவருக்குப் பிரஷர், இன்னொருவருக்கு 95/61. லேத் தம்பியின் உவமையிலேயே சொல்கிறேன். இரண்டு வீட்டிலும் வால்வு திறந்தே இருக்கிறது. ஆனால் யானோமாமி வீட்டுக் குழாயில் தண்ணீரே வருவதில்லை, அதனால் தொட்டி வழியவில்லை. அல்டோஸ்டிரோன் தனியாக இந்த நாசத்தைச் செய்வதில்லை. உப்போடு சேரும்போதுதான் இதயத்தையும் ரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஆகவே உப்பா, ஹார்மோனா என்று பிரித்துக் கேட்க முடியாது. ஹார்மோன் கோளாறு உள்ளவர் உப்பைக் குறைப்பது மற்றவர்களைவிட இன்னும் அவசியம். ஆனால் அவரிடம் உப்பை மட்டும் குறைக்கச் சொல்லிவிட்டு, இறங்கவில்லை என்றதும் "நீ ஒழுங்காக இல்லை" என்று குற்றம் சொல்வது அநியாயம்.

கேள்விக்குறி | 5 மார்ச், மதியம் 3.40

யானோமாமி விஷயம் தெரியாது ஐயா. ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவுக்கும் இந்த ஹார்மோன் பார்க்க வேண்டுமா என்று கேட்கப்போகிறேன்.

பரமக்குடி மருந்துக்கடை | 6 மார்ச், இரவு 9.15

செவிலி அக்கா அதிமதுரத்தைப் பற்றிக் கேட்டாரே, அதை யாரும் தொடரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 62 வயது. வறட்டு இருமலுக்கு அதிமதுரக் கட்டையைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தார். இருமல் நின்ற பிறகும் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று காலையும் மாலையும் ஒரு டம்ளர், ஐந்து மாதம். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் கட்டைகள் ஒரு பித்தளை டப்பாவில் எப்போதும் இருக்கும், நானே வாங்கிக் கொடுத்தேன். பிரஷர் 130-ல் இருந்தவருக்கு 180. கால் வீக்கம். பொட்டாசியம் 2.8. ஒரு நாள் திண்ணையிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கே தோன்றவில்லை. புதிதாகப் பார்த்த டாக்டர்தான் "என்னென்ன கஷாயம் குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் விளக்கியது இது. கார்டிசால் என்ற இன்னொரு அட்ரீனல் ஹார்மோன் அல்டோஸ்டிரோனின் பூட்டில் அப்படியே பொருந்தும். ரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் இருக்கும். சிறுநீரகத்தில் ஒரு நொதி அந்தக் கார்டிசாலை வாசலிலேயே மாற்றிச் செயலிழக்க வைத்துவிடும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. காவல் போனதும் கார்டிசால் உள்ளே போய் அல்டோஸ்டிரோன் வேலையைச் செய்கிறது. ரத்தத்தில் அல்டோஸ்டிரோனை அளந்தால் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் நோய் மட்டும் அச்சு அசல் அதே மாதிரி. நிறுத்திய பிறகு சில வாரங்களில் சரியானது.

நாலு நாள் இருமலுக்குக் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. மாதக்கணக்கில் வேண்டாம். பிரஷர் உள்ளவர் யாரிடமும் கடையில் இப்போது நான் கேட்காமல் கொடுப்பதில்லை.

சிறுநீரக வார்டு செவிலி | 7 மார்ச், மாலை 5.30

இதைப் பகிர்ந்ததற்கு மிகவும் நன்றி தம்பி. இந்தக் கேள்வியை நோயாளிகளிடம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

லேத் அண்ணா, பரிசோதனைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை. முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அது குறைவாக இருந்தால் அல்டோஸ்டிரோனும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம் ரத்தம் கொடுங்கள். இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்: பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் உப்பைப் பத்தியமாகக் குறைக்கக் கூடாது. உப்பு குறைந்தால் ரெனின் ஏறிவிடும், நோய் ஒளிந்துகொள்ளும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும்கூட ரெனினை ஏற்றும். பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை ரெனினை இறக்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். எதை மாற்ற வேண்டும், மாற்றாமலே பார்க்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கூடவே 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் உண்மையில் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள் என்று அது ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். 17 மில்லிமோல் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு.

திருவெறும்பூர் லேத் | 11 ஏப்ரல், இரவு 9.50

ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். பொட்டாசியம் மருந்து கொடுத்து, 4.0 வந்த பிறகு ரத்தம் எடுத்தார்கள்.

அல்டோஸ்டிரோன் 26, அதிகம். ரெனின் 0.3-க்கும் கீழே, அளக்கவே முடியாத அளவு. "ரெனினை ஏற்றும் இரண்டு மாத்திரை சாப்பிட்டும் உங்க ரெனின் எழும்பவே இல்லை. இதுக்கு மேல உறுதிப்படுத்த வேற டெஸ்ட் தேவையில்லை" என்றார் டாக்டர். அடுத்து ஸ்கேன். அதற்குப் பிறகு அட்ரீனல் சிரைகளில் குழாய் விட்டு இரண்டு பக்கமும் தனித்தனியாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஸ்கேனில் தெரிகிற கட்டி சும்மா இருக்கிற கட்டியாகவும் இருக்கலாமாம். அதனால் படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைக்க மாட்டார்களாம்.

அப்புறம் அந்த 24 மணி நேரச் சோதனை. ஞாயிறு காலையிலிருந்து திங்கள் காலை வரை ஐந்து லிட்டர் கேனை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். 102 மில்லிமோல். அதாவது 6 கிராம் உப்பு. பரிசோதனைக்காகச் சற்றுத் தளர்த்திச் சாப்பிட்ட பிறகும் அவ்வளவுதான். அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்தேன். செவிலி தங்கச்சி சொன்ன 17 கணக்கை அவளே காலண்டர் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எட்டு மாசம் உங்கள சந்தேகப்பட்டேனே" என்று கண் கலங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

கடலூர் வள்ளியக்கா | 11 ஏப்ரல், இரவு 10.05

தம்பி, படித்துவிட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. 6 கிராமில் குடும்பம் நடத்துகிற அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

திருவெறும்பூர் லேத் | 28 ஜூன், இரவு 8.30

இரண்டு பக்கச் சுரப்பியும் சேர்ந்தேதான் அதிகமாகச் சுரக்கிறது என்று வந்தது. அதனால் அறுவை சிகிச்சை இல்லை. அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை. ஏழு வாரம் ஆகிறது. காலை பிரஷர் 132/84. நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பொட்டாசியம் 4.4. இரவு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். கெண்டைக்கால் இழுப்பு நின்று ஒரு மாதம் ஆகிறது. மார்பகத்தில் லேசாக வலி தெரிகிறது. இந்த மாத்திரைக்கு அப்படி வரும், தொந்தரவாக இருந்தால் எப்ளெரினோனுக்கு மாற்றலாம் என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். கடையில் குறைந்த சோடியம் உப்பு என்று ஒரு பாக்கெட் பார்த்தேன். பொட்டாசியம் சேர்த்தது என்று போட்டிருக்கிறது. எனக்குத்தான் பொட்டாசியம் குறைகிறதே, அதை வாங்கலாமா?

சிறுநீரக வார்டு செவிலி | 28 ஜூன், இரவு 8.42

வேண்டாம் அண்ணா! இப்போது உங்களுக்கு அது ஆபத்து. ஸ்பைரோனோலாக்டோனும் டெல்மிசார்டனும் இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். அதற்கு மேல் பொட்டாசியம் உப்பும் சேர்ந்தால் அளவு எகிறி இதயத் துடிப்பே தடுமாறும். அப்படி வந்த நோயாளிகளை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். இளநீரையும் பழையபடி தினமும் குடிக்காதீர்கள், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு அது கெட்ட பொருள் இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உங்களைப் போல இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தொடவே கூடாது. வீட்டில் ஒரே உப்பு டப்பாதான் இருக்கும் என்பதால் யாருக்காகவும் அதை வாங்கி வைக்காதீர்கள்.

அப்புறம், தம்பிக்கு 31 வயதில் பிரஷர் என்றீர்களே? உங்களுக்கு இது உறுதியான பிறகு அவருக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு 46-ல் பக்கவாதம் வந்ததையும் அங்கே சொல்லுங்கள்.

திருவெறும்பூர் லேத் | 28 ஜூன், இரவு 9.20

நல்லவேளை கேட்டேன். பாக்கெட்டை வாங்கவில்லை.

தம்பியிடம் இப்போதுதான் பேசினேன். அவனும் ராத்திரி கால் இழுக்கிறது என்கிறான், நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று நினைத்தானாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லேபில் ரத்தம் கொடுக்கிறான், நானும் கூடப் போகிறேன். அதுவரை உப்பைக் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.